கண்டி வீதியும் ஒரு குடம் நீரும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையுஞ் செல்லும் பெருந்தெருவை அரசாங்கத்தார் ஏ-9 என்று இலக்கமிட்டு வழங்குவர். பத்திரிகைகளும் அப்பெயரையே எழுதுகின்றன. ஆயினும் அதன் வடகோடியில் வாழும் எம்மவர்க்கு அது என்றுங் கண்டி வீதியே. கண்டியைக் கனவிலுங் கண்டறியாத கிழவியும், “கண்டி றோட்டாலை நேரை போ, மோனை” என்றுதான் வழி சொல்லுவாள். அவ்வீதிக்கரையிலே, சாவகச்சேரிக்கு அணித்தாக உள்ள நுணாவிலிலே, பிறந்து வளர்ந்தவர் நாம். எமது வீட்டுப் படலையைத் திறந்தால் வீதி. வீதியைத் தாண்டினால் பழைய மைல்கல் ஒன்று. அந்தக் கல்லின்மேல் ஏறியிருந்து போகும் வண்டிகளை எண்ணுவதே எமது சிறுபராயத்து விளையாட்டாக இருந்தது.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலே, நாம் கற்பிக்கும் இந்துக் கல்லூரியின் பத்தாந் தர மாணவரை அழைத்துக்கொண்டு மாத்தளைக்குங் கண்டிக்குஞ் சுற்றுலாச் சென்றோம். பொழுது புலர்வதற்கு முன்னரே பஸ் புறப்பட்டது. முறிகண்டியில் இறங்கித் தேங்காயுடைத்துப் பிள்ளையாரை வணங்கி, கச்சான் பொட்டலங்களுடன் மீண்டும் ஏறியமர்ந்தபோது மாணவன் ஒருவன், “சேர், இந்த வீதியை ஆர் போட்டது?” என்று கேட்டான்.

ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இத்தகைய வினா கரும்பு தின்னக் கைக்கூலி போன்றது. நாமும் உற்சாகத்தோடு விடைகூறத் தொடங்கினோம். ஆயின், அன்று மாலை அதே மாணவன் மாத்தளையிலே கேட்ட இரண்டாவது வினாவுக்கு எம்மால் விடை சொல்ல முடியவில்லை. அந்த விடையை எழுதவே இக்கட்டுரை.

முதலில் வீதியைச் சொல்லுவோம். அதன் நீளம் ஏறக்குறைய 320 கிலோமீற்றர். பழைய கணக்கில் 200 மைல். யாழ்நகரிலே பழைய பூங்காவின் மதிலோரமாகச் செல்கின்றது. 1829 முதல் 1867 வரை யாழ்ப்பாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த டைக் துரை உண்டாக்கிய பூங்கா அது. அரியாலையைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தால் கடல்நீரேரியைத் தாண்டித் தென்மராட்சிக்குள் புகும் வீதி, கைதடி, நுணாவில், சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்னும் ஊர்களை மாவும் பலாவுந் தென்னையும் நிழல்செய்ய ஊடறுத்துச் செல்லும். மிருசுவில், எழுதுமட்டுவாள், முகமாலை, பளை, இயக்கச்சி என்பன கழிந்தால் ஆனையிறவு. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழங்குறைந்த இந்நீரேரியினூடாக ஓட்டிக் குடாநாட்டுக்குட் கொண்டுவந்து, பின் கப்பலேற்றினர் என்பதாலே அவ்விடம் அப்பெயர் பெற்றது. ஒல்லாந்தர் அங்கே ஒரு சிறு கோட்டையும் வைத்திருந்தனர்.

ஆனையிறவுக்கு அப்பால் பரந்தன். 1936இல் குடியேற்றத் திட்டத்தால் ஊராகிய கிளிநொச்சி. இரணைமடுச் சந்தி, முறிகண்டி, மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. இப்பகுதியில் குளமுங் காடும் மாறிமாறி வரும். மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை, தம்புள்ளை என்று தெற்கே செல்லச்செல்ல நிலம் மெல்ல உயரும். நாலந்தாவிலே ஒரு கற்றளி உண்டு. அமைப்பிலே திராவிடக் கோயிலை ஒத்தது, வழிபாட்டிலே பௌத்தருடையது. போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைத்த காலத்தில் அதனைக் கல்லுக்குக் கல்லாகப் பெயர்த்து மேட்டிலே மீண்டுங் கட்டினர். பின்னர், திரிபிடகம் முதன்முதல் ஏட்டிலெழுதப்பெற்றது என்று சொல்லப்படும் அலுவிகாரை, மாத்தளை, அக்குறணை, ஈற்றிலே கண்டி. ஒரு நாட்பயணத்தில் மூன்று மதத்தாரின் ஊர்களையும் இரு மொழியாரின் வயல்களையும் நான்கு வகை மண்ணையும் காட்டும் வீதி இது.

இதனை யார் போட்டது? 1815இல் கண்டியரசைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், படைகளை நகர்த்துதற்கும், பின்னர் கோப்பித் தோட்டங்களின் விளைவை இறக்குதற்கும் வீதிகளை அமைக்கலாயினர். ஆள்பதி பான்ஸ் காலத்திலே கொழும்பிலிருந்து கண்டிக்கு வழி வெட்டப்பட்டது. சிறுபிராயத்திலேயே படையிற் சேர்ந்த ஸ்கின்னர் என்பார் தம் வாழ்நாள் முழுவதையும் இலங்கையின் வீதிகளுக்கே செலவிட்டார். வடக்கு நோக்கிய வழியும் அந்நூற்றாண்டிலே படிப்படியாகச் செப்பனிடப்பட்டது. ஆயின், துரைமார் கோடு கீறினர். மண் வெட்டியவர் வேறு. 1848இல் இயற்றப்பட்ட வீதிச் சட்டத்தின்படி 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்மக்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதிவேலை செய்தல் வேண்டும். அல்லது அதற்கீடான பணத்தைக் கட்டுதல் வேண்டும். அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். ஆகவே, அவ்வீதியைப் போட்டவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்று மாணவனுக்குச் சொன்னோம்.

புகைவண்டி வருவதற்கு முன்னர் இவ்வழிப் பயணம் எத்தன்மையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப், 1905 ஜனவரியிலே இளம் உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் வந்தார். அநுராதபுரம் வரை புகைவண்டி. அங்கிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டி. தபால் வண்டி என்பது மாட்டுவண்டியே. தபாற் பைகளின் மேலே பிரயாணிகள் படுத்துக்கொள்ளுதல் வேண்டும். வோல்தேரின் நூல்கள் தொண்ணூறு தொகுதியும் ஒரு நாயும் அவருடைய உடைமைகள். அவ்வாண்டே இருப்புப்பாதை இடைவெளியின்றி இணைந்தது. ஆயினும் ஏழைகளின் வண்டில்கள் நெடுங்காலம் இவ்வீதியிலே ஓடின. எமது அப்பு வண்டில் வைத்திருந்தவர். இரவிலே பத்துப் பன்னிரண்டு வண்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, அரிக்கன் இலாம்பு தொங்க, வன்னிக் காட்டினூடாகப் போகும் என்பார். யானைக்குங் கரடிக்கும் அஞ்சி ஒருவரும் தனித்துப் போவதில்லையாம்.

அப்பு சொன்னவற்றுள் ஒன்று எமக்கு இன்றும் மறக்கவில்லை. “காடு பயமில்லை, தண்ணியில்லாத இடந்தான் பயம்” என்பார். அதனாலன்றோ எம்முன்னோர் வழிகள்தோறும் கிணறுங் கேணியும் வெட்டினர், மடங்கள் கட்டினர், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி நாட்டினர், மாடுகள் உடலை உரைஞ்சுதற்கும் ஆவுரோஞ்சிக்கல் நிறுத்தினர். கருவுற்று மகப்பேறின்றி மாண்ட பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைக்கும் வழக்கமும் இருந்தது. இறக்கப்படாத சுமையுடன் போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்க ஓரிடம்! அரசன் வழியை உண்டாக்கலாம். வழிப்போக்கனைக் காப்பது வழிக்கரையில் வாழ்வோர் கடன் என்பதே அவர் கொள்கை.

மாத்தளையை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. முத்துமாரியம்மன் கோயிலின் முன்னே மாணவரை இருத்தி, அவ்விடத்துக்கு வேறொரு விதமாக வந்தவர்களின் கதையைச் சொன்னோம். கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நூறு மைலுக்கு மேல் நடந்தனர். அவர் நடந்த வழியின் பிற்பாதியும் எமது பஸ் ஓடிவந்த வழியும் ஒன்றே. பசி, தாகம், வாந்திபேதி, காய்ச்சல் என்பவற்றால் வழியிலே விழுந்தவர் பல்லாயிரவர். விழுந்தவரை விட்டு மற்றவர் நடந்தனர். பிற்காலத்தில் அரசாங்கத்தார் இடையிடையே கிணறுகளுங் கொட்டகைகளும் வைத்தியசாலைகளும் அமைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே அந்நடைவழி கைவிடப்பட்டது. மாத்தளைவரை உயிரோடு வந்து சேர்ந்தோர் இளைப்பாறிய இடத்திலேயே இவ்வம்மன் கோயில் எழுந்தது என்பர்.

மாணவர் யாவரும் மௌனமாயிருந்தனர். காலையில் வினாவிய அதே மாணவன் எழுந்து, “வழியிலை இருந்த சனம் ஒருத்தரும் அவைக்குத் தண்ணி குடுக்கேல்லையோ, சேர்?” என்றான்.

நாம் ஏதோ சொல்லி, நேரமாயிற்று என்று அவர்களை எழுப்பினோம். உண்மையிலே எமது நா எழவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக வெளியேறினர். அப்போது எமக்கு வயது 15. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து இலட்சக்கணக்கானோர் கண்டி வீதியால் வந்தனர். அது வீதியாக இருக்கவில்லை. மனிதத் தலைகள் நிரம்பிய ஆறாக இருந்தது. துவிச்சக்கர வண்டியின் மேற் பாட்டியை இருத்தித் தள்ளுவோர், ஆட்டைக் கயிற்றிலே பிடித்து வருவோர், பாடப்புத்தகப் பையை மட்டும் அணைத்து வரும் பிள்ளைகள். மழையும் பெய்தது. குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தவரையும் கண்டோம்.

ஐயா அரசாங்க எழுதுவினைஞர்; மிகுதியாகப் பேசாதவர். அன்று படலையை அகலத் திறந்துவிட்டுக் கிணற்றடியிற் போய் நின்றார். இரவு முழுவதும் அவரும் அயலவர் இருவரும் மாறிமாறித் துலாவை இழுத்தனர். நாம் குடத்தைச் சுமந்து படலையடிக்குக் கொண்டுசெல்லுவோம். விடியும்வேளை கிணறு கலங்கிச் சேறாயிற்று. ஐயா திண்ணையிற் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். கொக்குவிலிலிருந்து வந்த உறவினருஞ் சேர எமது வீட்டிலே இருபத்தேழு பேர் இருந்தனர். அடுக்களையில் ஒரு குடம் தெளிந்த நீர் எஞ்சியிருந்தது. அது வீட்டாருக்கு வேண்டும் என்று நாமே எண்ணி, நாமே சென்று படலையைச் சாத்திச் சங்கிலியும் மாட்டினோம்.

சிறிது நேரத்தில் ஒரு பெண் வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பிலே குழந்தை. “தம்பி, ஒரு வாய் தண்ணி” என்றாள். “தண்ணி கலங்கிப்போச்சு, அக்கா. அடுத்த வீட்டிலை கேட்டுப் பாருங்கோ” என்றோம். சொன்னது முழுப்பொய்யன்று; அதனாலேயே அது சொல்ல எளிதாயிருந்தது. அவள் எம்மை வைதிருந்தால் இன்று மறந்திருப்போம். சங்கிலியை ஒருமுறை பார்த்தாள். “சரி, தம்பி” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஐயா விழித்தெழுந்து வந்து சங்கிலியைக் கண்டார். “ஆர் போட்டது?” என்றார். நடந்ததைச் சொன்னோம். அவர் ஏசவில்லை, கை ஓங்கவுமில்லை. “கலங்கின தண்ணியுந் தண்ணிதான், தெளியவிட்டுக் குடிப்பினம்” என்று சொல்லி, அடுக்களையிலிருந்த குடத்தை எடுத்து எமது தோளிலே வைத்து, “ஓடு, அந்தப் பிள்ளையைத் தேடு” என்றார்.

ஓடினோம். சாவகச்சேரிச் சந்தை வரையும் ஓடினோம். குழந்தையை இடுப்பில் ஏந்திய பெண்கள் நூற்றுக்கணக்கில் நடந்தனர், யாவரும் அவளைப் போலவே இருந்தனர், ஒருத்தியும் அவளாயில்லை. கேட்டவர்க்கெல்லாம் நீரை வார்த்து, வெறுங்குடத்துடன் திரும்பினோம்.

காலம் எமக்கும் ஒருநாள் அதே பாடத்தை வைத்தது. 2000ஆம் ஆண்டிலே போர் தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி நகரம் இடிபாடாயிற்று. முன்னர் நீர் வார்த்த நாம், இப்போது மூட்டைமுடிச்சுடன் வடமராட்சியை நோக்கி நடந்தோம். வெயிலோ வைகாசி வெயில். பெயரறியாத ஊரொன்றில், பெயரறியாத மூதாட்டி ஒருவர் எம்மைத் தூரத்திலே கண்டதும் செம்புடன் வெளியே வந்து நின்றார். எமக்குக் கை நீளவில்லை. அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்ட அம்மூதாட்டி, “குடி மோனை, கிணறு பக்கத்திலைதானே, குறையாது” என்றார். நாம் அழுதது களைப்பினால் என்று அம்மா நினைத்தார்.

ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை. ஐயா முதலிற் செய்தது கிணற்றை இறைத்ததே. 1990இல் போரால் அடைபட்ட கண்டி வீதி, 2002ஆம் ஆண்டு ஏப்ரலிலே, பன்னிரண்டு ஆண்டுகளின் பின், பொதுமக்களுக்கு மீண்டுந் திறந்தது. இடைக்காலத்தில் எம்மவர் கிளாலிக் கடலை இரவிலே படகேறிக் கடந்து உயிரையும் பணயம் வைத்தே தெற்கே போய்வந்தனர். இப்போது இருதரப்பாருடைய சோதனைச் சாவடிகளிலும் இறங்கி ஏறினாலும், சக்கரத்திலே போகலாம் என்னும் நிலை வந்தது. முகமாலையில் இருமருங்கும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள். அவற்றின் பின்னே தலையிழந்த பனைகள். எனினும் அவ்வழி பஸ்கள் ஓடின.

அந்த மாதமே ஐயா படலையடியில் நான்கு கம்பு நட்டு, கிடுகால் ஒரு சிறு பந்தல் வேய்ந்து, மண்குடம் ஒன்றையும் மூடியுங் குவளையுமாக வைத்தார். ஒருநாள் நயினாதீவுக்குச் செல்லுஞ் சிங்கள யாத்திரிகரின் பஸ் ஒன்று சக்கரங் காற்றுப்போய் எமது வீட்டெதிரே நின்றது. வெள்ளைச் சேலையணிந்த மூதாட்டியர் இறங்கி வந்து தயங்கி நின்றனர். இளமையில் தென்னிலங்கையில் வேலை பார்த்த ஐயா, மறந்துபோன சிங்களத்தில் “வத்துர, வத்துர” என்று குடத்தைக் காட்டினார். அவர்கள் குடித்துக் கைகூப்பினர். அன்று அவர் முகத்திற் கண்ட மலர்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் நாம் கண்டதில்லை.

2006 ஓகஸ்ட் 11ஆம் நாள் வீதி மறுபடியும் மூடப்பட்டது. 2008இல் ஐயா காலமானார். கண்டியில் வாழ்ந்த அவருடைய தங்கையார், வீதியின் மறுமுனையிலிருந்து தமையனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வரமுடியவில்லை. இருநூறு மைல் என்பது எத்துணைத் தூரம் என்று அன்று அறிந்தோம். 2009இல் போர் முடிந்து, அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து வீதி படிப்படியாகத் திறந்தபோது மாமி வந்தார்; வந்து வெறும் படத்தின் முன்னே அழுதார்.

பின்னர் வீதி அகன்றது; வழுவழுப்பான கம்பளம் போலாயிற்று. 2014 ஒக்டோபரிலே புகைவண்டியும் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது. நாம் படிப்பு, உத்தியோகம், குடும்பம் என்று ஓடினோம். ஐயாவின் குடம் ஒரு மாரியில் உடைந்தது. கடைகள்தோறும் போத்தலில் தண்ணீர் விற்கும் இக்காலத்தில் குடம் எதற்கு என்று எண்ணி விட்டுவிட்டோம். பன்னிரண்டு ஆண்டுகள் அவ்விடம் வெறுமையாகக் கிடந்தது. எமக்கு அது உறுத்தவுமில்லை. மாத்தளையிலே அந்த மாணவன் எழுந்து நின்ற நாள்வரையும்.

தம்பி, அன்று உனக்குச் சொல்லாத விடை இதுதான். வழியிலே இருந்தவர்களிற் சிலர் நீர் கொடுத்திருப்பார்கள். சிலர் படலையைச் சாத்தியிருப்பார்கள். சாத்தியவர்களெல்லாம் கொடியவர்களாய் இருந்திரார். தம் வீட்டுக் குடத்தைக் கணக்குப் பார்த்தவர்களாய் இருந்திருப்பர். உன் ஆசிரியரும் அவர்களுள் ஒருவராக ஒருநாட் காலையில் இருந்தார். வரலாற்றைப் படிக்கும்போது மற்றவர் பிழைகளைக் காண்பது எளிது. அந்தப் பிழை எவ்வளவு சிறியதாகத் தொடங்கும் என்பதைக் காண்பதற்கே கல்வி வேண்டும்.

சுற்றுலா முடிந்து வந்த மறுவாரம் சாவகச்சேரிச் சந்தையிலே ஒரு மண்குடம் வாங்கினோம். கிடுகு கிடைப்பது அரிதாகையால் தகரத்தாற் கூரை போட்டோம். விரைந்து செல்லும் வாகனங்கள் நிற்பதில்லை. ஆயினும் வீதி கூட்டும் பெண்கள் குடிக்கின்றனர். மீன் வியாபாரி ஒருவர் நாள்தோறும் நிற்கின்றார். சைக்கிளிற் பள்ளி செல்லும் பிள்ளைகள் போட்டிபோட்டுக் குடித்துப் பாதியை நிலத்திற் கொட்டுகின்றனர். மூடியை எவராவது திறந்துவைத்துவிட்டாற் காகமும் வருகின்றது.

படலையில் இருந்த சங்கிலியைக் கழற்றிவிட்டோம். காலையிலுங் மாலையிலுங் குடத்தை நிரப்புவது எமது மகளின் வேலை. யாருக்காக என்று அவள் இன்னுங் கேட்கவில்லை. கேட்கும்போது, இடுப்பிலே குழந்தையுடன் வந்து “சரி, தம்பி” என்று சொல்லிப்போன ஒரு பெண்ணின் கதையை அவளுக்குச் சொல்லுவோம்.